மூன்று மாத வாக்கு, நாற்பத்தொரு ஆண்டு வாழ்வு: கூலித் தொழிலாளி மத்தேயு தால்பொட்



தவக்காலத்தில் நீங்கள் எடுத்த தீர்மானம் உயிர்த்த ஞாயிறு கழிந்து எத்தனை வாரம் நின்றது? தியானம் முடிந்து வீடு திரும்பிய அன்றிரவு குடும்பமாக முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னீர்களே, அடுத்த மாதமும் அதே நேரத்தில் முழந்தாளிட்டீர்களா? உங்களைக் குற்றஞ்சாட்டுவதற்காக இதைக் கேட்கவில்லை. தொடங்குவது நம்மெல்லோருக்கும் கைவந்த காரியம். தொடங்கியதில் நிலைத்திருப்பதே கடினம். பெரிய சோதனை வரும்போது மனிதன் எப்படியோ தைரியங்கொண்டு நின்றுவிடுகிறான். காலையில் எழுந்து, வேலைக்குப் போய், களைத்து வீடு திரும்பி, உண்டு உறங்கும் சாதாரண நாட்களிலேதான் விசுவாசம் மெல்ல மெல்லத் தேய்ந்துபோகிறது.

இப்படிப்பட்ட சாதாரண நாட்களின் வழியாகவே இறைவனிடம் சென்ற ஒரு மனிதரின் வரலாற்றை இங்கே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் குருவானவர் அல்லர். மடத்தில் வாழ்ந்த துறவியும் அல்லர். வேதத்துக்காக இரத்தஞ் சிந்தியவரும் அல்லர். அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் கல் சுமந்து, மரம் அடுக்கி, கூலி பெற்று வாழ்ந்த ஒரு தொழிலாளி. இருபத்தெட்டாம் வயதுவரை பெருங்குடிகாரர். பெயர் மத்தேயு தால்பொட்.

பிறந்த வீடும் காலமும்

1856ஆம் ஆண்டு மே மாதம் 2ஆந் திகதி டப்ளின் நகரின் வடபகுதியில், ஏழைகள் நெருங்கி வாழ்ந்த தெருவொன்றில் மத்தேயு பிறந்தார். தந்தை சாள்ஸ், தாய் எலிசபெத். பன்னிரண்டு பிள்ளைகளில் இவர் இரண்டாமவர்.

அக்காலத்து அயர்லாந்தை நீங்கள் சற்று மனக்கண்முன் கொண்டுவர வேண்டும். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, அதைத் தொடர்ந்து வந்த பெரும் பஞ்சத்தில் ஏறக்குறையப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். இன்னும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேறி நாட்டைவிட்டு வெளியேறினர். எஞ்சியோரிற் பலர் பிழைப்புத் தேடி நகருக்கு வந்தனர். டப்ளினில் ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் சமைத்து உண்டு உறங்கியது. தொழில் நிச்சயமில்லை, கூலி அற்பம். ஆனால் தவறணைகளுக்கு மட்டும் குறைவில்லை. குளிருக்கும் பசிக்கும் கவலைக்கும் அங்கே ஒரே மருந்துதான் விற்கப்பட்டது.

அந்நாட்டிற் குடியை எதிர்த்துப் பெரும் இயக்கம் நடத்திய கப்புச்சின் சபைக் குருவானவர் தெயோபால்ட் மத்தேயு, இக்குழந்தை பிறந்த அதே 1856இலேதான் காலமானார். குடிப்பதில்லை என்று குருவானவர் முன்னிலையில் வாக்குறுதி செய்யும் வழக்கத்தை அயர்லாந்து மக்களிடையே பரப்பியவர் அவர். அந்த வழக்கமே இருபத்தெட்டு ஆண்டுகளின் பின் நம் மத்தேயுவுக்குக் கைகொடுக்கப் போகிறது.

சாள்ஸ் தால்பொட் துறைமுகத்தில் வேலை செய்தார். அவரும் மிகுதியாகக் குடிப்பவரே. வீட்டைத் தாங்கியவர் தாய். பிள்ளைகளைப் பெற்று வளர்த்ததோடு, வீடுவீடாகச் சென்று துப்புரவு வேலை செய்து நாலு காசு சம்பாதித்தவரும் அவரே. வாடகை கொடுக்க வழியின்றி வீட்டுக்கு வீடு மாறிய குடும்பம் அது. அந்தத் தாய் செபமாலையைக் கைவிடவில்லை. இதை நினைவில் வைத்திருங்கள்.

பன்னிரண்டு வயதிற் பிடித்த பழக்கம்

கிறீஸ்தவ சகோதரர்களின் பாடசாலையில் மத்தேயு கழித்த காலம் மிகச் சொற்பம். பள்ளிக்கு ஒளித்துத் திரிபவன் என்றே பதிவேட்டில் அவன் பெயருக்கெதிரே குறிக்கப்பட்டது. 1868இல், பன்னிரண்டு வயதில், மதுவைப் போத்தலில் அடைத்து விற்கும் ஒரு வியாபார நிலையத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். திரும்பிவந்த போத்தல்களின் அடியில் மிஞ்சியதை ருசி பார்ப்பது பையன்களின் விளையாட்டு. ஒரு வருடத்துக்குள் அந்த விளையாட்டு பழக்கமாயிற்று.

தந்தை அடித்துப் பார்த்தார். பின்பு, தம் கண்முன்னே இருந்தால் திருந்துவான் என்று துறைமுகத்திலேயே வேலை வாங்கிக் கொடுத்தார். அங்கே இருந்ததோ விஸ்கிக் களஞ்சியம்! நோயைத் தீர்க்கவென்று நோயாளியை நஞ்சின் நடுவே குடியமர்த்திய கதையாயிற்று. சில வருடங்களில், தந்தைக்குத் தன்னால் வரும் அவமானத்தைத் தவிர்க்க எண்ணி, மத்தேயு அவ்வேலையை விட்டுக் கட்டடவேலைக்குப் போனார். மேசன்மாருக்குக் கல்லும் சாந்தும் சுமந்து கொடுப்பது தொழில். அதில் அவர் சோம்பியதே இல்லை. முன்னே நின்று வேலையை இழுத்துச் செல்லும் ஆள் என்று எல்லோரும் அவரைப் புகழ்ந்தனர். ஆனால் சனிக்கிழமை பெற்ற கூலி நேரே தவறணைக்குப் போகும். அது தீர்ந்ததும் கடன். கடனும் கிடைக்காதபோது காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றி விற்று அல்லது ஈடுவைத்துக் குடித்துவிட்டு, வெறுங்காலோடு வீடு திரும்பிய நாட்களும் உண்டு.

அவர் செய்தவற்றுள் பின்னாளில் அவரை மிகவும் வருத்தியது ஒன்று. தெருவிற் பிடில் வாசித்துப் பிழைத்த ஒரு பார்வையற்றவரோடு அவரும் கூட்டாளிகளும் குடித்துக்கொண்டிருந்தார்கள். கையில் பணம் முடிந்தது. அந்த ஏழையின் பிடிலைத் திருடி விற்றுத் தொடர்ந்து குடித்தார்கள். அந்த மனிதனின் வாழ்வாதாரம் அதுவொன்றே என்பது அன்று அவர்கள் சிந்தைக்கு எட்டவில்லை.

இந்த ஆண்டுகளில் மத்தேயு கிறீஸ்தவன் அல்லாமற் போகவில்லை. ஞாயிறு பூசைக்கு வந்து நின்று போவார். ஆனால் மூன்று வருடங்களாகப் பாவசங்கீர்த்தனமோ நற்கருணையோ இல்லை. பெயரிருந்தது, உயிர் இல்லை. நம்மிற் பலருடைய நிலையும் இதுவல்லவா?

ஒரு சனிக்கிழமை

1884இல் ஒரு வாரம் மத்தேயு வேலைக்குப் போகவில்லை. ஆகவே சனிக்கிழமை கையில் கூலியும் இல்லை. தம்பியரோடு தவறணையின் அருகே தெருமூலையில் போய் நின்றார். கூலி வாங்கிய கூட்டாளிகள் ஒவ்வொருவராய் வந்தார்கள். தம்மிடம் பணம் இருந்த நாட்களில் அவர்களுக்கெல்லாம் கணக்குப் பாராமல் வாங்கிக் கொடுத்தவர் அவர். தம்மையும் யாராவது அழைப்பார்கள் என்று காத்திருந்தார். வந்தவர்கள் முகமன் கூறிவிட்டு உள்ளே போனார்கள். ஒருவரும் அழைக்கவில்லை.

வாசகரே, அங்கே வானத்திலிருந்து ஒளி வீசவில்லை. குரல் எதுவுங் கேட்கவில்லை. கூட்டாளிகளால் கைவிடப்பட்ட ஒரு மனிதனின் வெட்கமும் கசப்பும் மட்டுமே இருந்தன. இறைவன் அந்தக் கசப்பையே கருவியாக எடுத்துக்கொண்டார். மத்தேயு திரும்பி வீட்டுக்கு நடந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் வெறியின்றி வந்து நின்றதைக் கண்டு தாய் வியப்புற்றார். குடிப்பதில்லை என்று வாக்குறுதி செய்யப் போவதாக மகன் சொன்னபோது, அந்தத் தாய் உடனே துள்ளி மகிழவில்லை. காப்பாற்ற மனமிருந்தால் மட்டுமே போ என்று எச்சரித்து, இறைவன் பெயரால் அவரை வழியனுப்பினார். எத்தனையோ முறை ஏமாந்த தாயின் ஞானம் அது.

அவர் சென்றது கிளன்லிவ் என்னுமிடத்திலுள்ள திருச்சிலுவைக் குருமடத்துக்கு. அங்கே பாவசங்கீர்த்தனஞ் செய்தார், வாக்குறுதியும் செய்தார். எவ்வளவு காலத்துக்கு? மூன்று மாதத்துக்கு மட்டுமே. வாழ்நாள் முழுவதற்கும் வாக்குக் கொடுக்க அவருக்குத் துணிவில்லை. மறுநாட் காலை ஐந்து மணிப் பூசையிலே, கார்டினர் தெருவிலுள்ள யேசுசபையாரின் புனித பிரான்சிஸ் சவேரியார் கோவிலில் நற்கருணை உட்கொண்டார்.

நீண்ட மூன்று மாதம்

அந்த மூன்று மாதத்தை அவர் எப்படிக் கழித்தார் என்பதை நீங்கள் கவனித்துப் படிக்க வேண்டும். ஏனெனில் நிலைத்திருத்தலின் பாடம் முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

கட்டடவேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கும். ஆகையால் ஐந்து மணிப் பூசை கண்டு, நற்கருணை வாங்கி, நேரே வேலைக்குப் போனார். நாள்தோறும் நற்கருணை வாங்குவது அக்காலத்தில் அபூர்வம். பத்தாம் பத்திநாதர் பாப்பரசர் அதை எல்லோருக்கும் ஊக்குவித்துக் கட்டளை வெளியிட்டது 1905இலேதான். வேலையிற் பொழுது போய்விடும். ஆபத்து ஆறு மணிக்குப் பிறகே. கூட்டாளிகள் எல்லோரும் தவறணையில். வீட்டில் இருந்தாலோ சகோதரர்கள் குடிக்கிறார்கள். அவர் என்ன செய்தார்? நடந்தார். தவறணைகள் இல்லாத வழிகளாகப் பார்த்து, தூரத்திலுள்ள கோவில் ஒன்றுக்கு நடந்துபோய், உறங்கும் நேரம்வரை திவ்விய நற்கருணை முன்னே முழந்தாளில் இருந்தார். பக்திப் பரவசத்தில் அப்படி இருந்தார் என்று எண்ணிவிடாதீர்கள். வேறு போக்கிடம் இல்லாமையாற் போனார். கோவில் அவருக்கு முதலிற் புகலிடமாயிருந்தது, பின்னரே வீடாயிற்று.

ஒருநாள் மாலை மன உறுதி தளர்ந்து, ஒரு தவறணைக்குள் நுழைந்தேவிட்டார். பரிமாறுபவர் மற்றவர்களைக் கவனித்துக்கொண்டு இவரைக் கவனியாது விட்டார். புதியவர் என்பதால் அலட்சியம் செய்கிறார் என்று கோபங்கொண்டு வெளியேறி, வழியிலிருந்த கோவிலுக்குள் புகுந்து, கதவடைக்கும்வரை அங்கேயே இருந்தார். அன்றிலிருந்து கையிற் பணம் வைத்துக்கொண்டு தெருவிற் போவதில்லை என்று முடிவு செய்தார். வீரம் பேசவில்லை, தம் பலவீனத்தை அறிந்து அதற்கேற்ப வேலி போட்டார்.

இன்னொரு நாள் நற்கருணை வாங்கப் போகும் வேளையில், இது எல்லாம் வீண், நீ கட்டாயம் மீண்டும் விழுவாய் என்ற அவநம்பிக்கை அவரைப் பற்றிக்கொண்டது. கோவிலைவிட்டு வெளியேறினார். வேறொரு கோவிலுக்குப் போனார், அங்கும் அப்படியே. கடைசியிற் கோவிற் படியிலேயே கைகளை விரித்து முகங்குப்புற வீழ்ந்து மன்றாடிய பிறகே அவருக்கு அமைதி உண்டாயிற்று என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர்.

தாங்க முடியாமல் ஒருமுறை, மூன்று மாதம் முடிந்ததும் மீண்டும் குடிப்பேன் என்று தாயிடமே சொல்லியிருக்கிறார். ஆனால் மூன்று மாதம் முடிந்தபோது வாக்குறுதியை மேலும் சில மாதங்களுக்குப் புதுப்பித்தார். அது முடிந்தபோது வாழ்நாள் முழுவதற்கும் கொடுத்தார். அவர் அந்த வாக்கிலிருந்து ஒருநாளும் தவறவில்லை. நாற்பத்தொரு ஆண்டுகள்!

பழைய கணக்கு

மனந்திரும்பியவர்களிற் பலர் பழைய கணக்கை மறந்துவிட விரும்புவார்கள். மத்தேயு மறக்கவில்லை. கடன் வைத்த தவறணைகளின் கணக்கையெல்லாம் நினைவுகூர்ந்து, சிறுகச் சிறுகச் சேர்த்து, காசை உறையில் இட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். திருடிய பிடிலுக்காக அந்தப் பார்வையற்ற மனிதரை நகரெங்கும் தேடினார், கண்டுபிடிக்க முடியவில்லை. முடிவில் அவருடைய ஆன்மாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கச் செய்தார். சில தவறுகளை நாம் நினைத்தபடி சரிசெய்ய முடிவதில்லை. அந்த வேதனையையும் சுமந்துகொண்டே நடக்க வேண்டியிருக்கிறது.

புகைப்பதிலும் அவருக்குப் பெருவிருப்பம். அதையும் விட்டார். குடியை விட்டதைப் பார்க்கிலும் அது கடினமாயிருந்ததாம். நாவைக் காத்துக்கொள்ள, இரண்டு குண்டூசிகளைச் சிலுவை வடிவில் சட்டைக்கையிற் குத்தி வைத்துக்கொண்டார். தூஷணம் பேச வாயெடுக்கும்போது அது கண்ணிற் படும். இளமையிற் சட்டென்று கோபிக்கும் சுபாவம் அவருடையது. அது ஒரேநாளில் மறையவில்லை. வேலைத்தலத்தில் அதிகாரியிடம் கடிந்து பேசிவிட்டால், பின்னர் தாமே போய் மன்னிப்புக் கேட்டார்.

மரக்காலையில் ஒரு தொழிலாளி

1892 அளவில், துறைமுகத்தை அடுத்திருந்த மார்ட்டின் கம்பனியின் மரக்காலையில் வேலைக்குச் சேர்ந்தார். கப்பலில் வந்திறங்கும் மரங்களைச் சுமப்பதும் அடுக்குவதும் தொழில். ஐந்து மணிப் பூசை பிந்தி வைக்கப்பட்டபடியால், பூசை தவறாதிருக்க, எட்டு மணிக்குத் தொடங்கும் இவ்வேலையை அவர் தேடிக்கொண்டார். மனிதர் வேலைக்கேற்பப் பூசையை ஒதுக்குவார்கள். அவரோ பூசைக்கேற்ப வேலையைத் தெரிந்துகொண்டார்.

அவருடைய நாளை நீங்கள் அறிந்தால் வியப்பீர்கள். இரவு பத்தரை மணியளவிற் படுப்பார். இரண்டு மணிக்கு எழுந்து நான்கு மணிவரை செபிப்பார். படுக்கை ஒரு பலகை. தலையணை ஒரு மரத்துண்டு. உணவு பெரும்பாலும் வெறும் பாணும், பாலும் சீனியும் சேர்க்காத கொக்கோவும். அயலார் வீட்டுக்குப் போனாலோ கொடுத்ததைக் குறைசொல்லாமல் உண்பார். முழந்தாள் நேரே தரையிற் படும்படி காற்சட்டையின் முழங்காலிடத்தைக் கீறி வைத்திருந்தார். எழுந்ததும் மேலங்கி அதை மறைத்துவிடும். உடன் வேலை செய்தவர்களுக்கு இவையொன்றுந் தெரியாது. அவர்கள் கண்டதெல்லாம் நேரத்துக்கு வரும், வேலைக்கு ஒளிக்காத, யாரேனும் ஆண்டவர் பெயரை வீணாகச் சொன்னால் தொப்பியை உயர்த்தி வணங்கும் ஒரு சிறு உருவமான மனிதரை. அவரோடு சேர்ந்து சிரிக்கவும் கதைக்கவும் அவர்களால் முடிந்தது. ஓய்வு கிடைக்கும்போது மர அடுக்குகளின் மறைவில் அவர் முழந்தாளிடுவதைச் சிலர் கண்டதுண்டு. அவ்வளவுதான்.

பள்ளிப் படிப்பு இல்லாத அவர் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகினார். தூய ஆவியின் உதவியைக் கேட்டபின்பே புத்தகத்தைத் திறப்பார். விளங்காத சொல்லைத் தாளிற் குறித்துவைத்து, குருவானவரைக் கண்டு கேட்பார். இப்படியே புனித அகுஸ்தீனாரின் வரலாற்றையும், புனித லூயிஸ் தெ மொன்போர்ட் தேவமாதாவின் பக்தியைப் பற்றி எழுதிய நூலையும் ஆண்டுக்கணக்காக மெல்ல மெல்லப் படித்தார். திருச்சிலுவைக் குருமடத்துப் பேராசிரியரான கலாநிதி மைக்கல் ஹிக்கி அவருடைய ஆன்ம வழிகாட்டியாகவும் நண்பராகவும் இருந்தார். 1890இல் புனித பிரான்சிஸ்குவின் மூன்றாஞ் சபையிற் சேர்ந்தார். தாமாகவே எல்லாம் அறிவேன் என்று அவர் நடக்கவில்லை. கேட்டு நடந்தார், கூட்டத்தோடு சேர்ந்து நின்றார். தனிமரமாக நிலைத்திருக்க முடியாது என்பதை அறிந்திருந்தார்.

அவருடைய மனமாற்றத்தால் வீடு முழுவதும் மாறிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. மூத்தவரைத் தவிர மற்றச் சகோதரர்கள் குடியை விடவில்லை. அவர் வேண்டினார், புத்தி சொன்னார், செபித்தார். கடைசியில் சிலகாலம் வேறு இடத்தில் அறை எடுத்துப் போக வேண்டியிருந்தது. தந்தை 1899இல் இறந்தபின் தாயைத் தம்மோடு அழைத்து வைத்துக்கொண்டார். 1915இல் அவர் கண்மூடும்வரை மகன் பராமரித்தார். மகனுக்காக அழுத அந்தத் தாய், இரவில் விழித்தபோது மகன் செபிப்பதைக் கண்டு தம் முதுமையைக் கழித்தார். அவருடைய செபமாலை வீண்போகவில்லை.

வேலைநிறுத்த நாட்கள்

செபிப்பவர்கள் உலக விவகாரங்களிற் பட்டுக்கொள்ளமாட்டார்கள் என்று சொல்வாருண்டு. 1913 ஓகஸ்டில் டப்ளினில் தொழிலாளருக்கும் முதலாளிமாருக்கும் இடையே பெரும் போராட்டம் மூண்டது. ஜிம் லார்க்கின் தலைமையிலான தொழிற்சங்கத்திற் சேர்ந்தவர்களுக்கு வேலையில்லை என்று முதலாளிமார் கதவடைத்தனர். ஏறக்குறைய 20,000 தொழிலாளர் வேலையிழந்து, மாதக்கணக்காகப் பட்டினி கிடந்தனர்.

மத்தேயுவும் அந்தச் சங்கத்தின் உறுப்பினர். உடன் தொழிலாளரை விட்டுப் பிரியாமல் அவரும் வெளியே நின்றார். உழைக்காமற் கிடைத்த உதவிப்பணத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ள அவர் மனம் ஒப்பவில்லை. பிள்ளைகுட்டிக்காரருக்குக் கொடுத்தார். குடும்பத்தைக் காப்பாற்றப் போதுமான கூலி தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அவர் கொள்கை. தமக்குத் தேவை மிகக் குறைவாயிருந்தும், மற்றவர்களின் தேவையை அவர் குறைத்து மதிக்கவில்லை. தம் கூலியில் மிஞ்சியதெல்லாம் அயல்வீட்டு ஏழைகளுக்கும் அநாதைகளுக்கும் மறைபரப்புக்கும் போயிற்று. சீன தேசத்துக்குக் குருமாரை அனுப்பவென்று 1916இல் தொடங்கிய மேனூத் மறைபரப்புச் சபைக்கு அவர் தொடர்ந்து உதவினார்.

வேலையின்றிக் கிடந்த காலம்

1923இல் இருதய நோயும் சிறுநீரக நோயும் கண்டு, மாதர் ஆஸ்பத்திரியில் இருமுறை கிடந்தார். மரம் சுமந்த உடல் மாடிப்படி ஏறவும் இயலாததாயிற்று. காப்புறுதியாற் கிடைத்த சிறு தொகையே சீவனம். பிறருக்குக் கொடுத்துப் பழகிய கை வாங்க நேர்ந்தது. அதையும் ஏற்றார். நோயிலும் அந்தச் சிறு தொகையில் மீதம் பிடித்துச் சீன மறைபரப்புக்கு ஒரு பவுண் அனுப்பினார். உழைக்க முடியாத நாளும் இறைவனுடைய நாளே என்பதை நோயாளிகளான வாசகர்கள் இவரிடமிருந்து கற்கலாம். 1925 வசந்த காலத்தில் சற்றுத் தேறி, மீண்டும் மரக்காலைக்குப் போனார்.

1925 ஜூன் 7ஆந் திகதி தமதிரித்துவ ஞாயிறு. கோடை வெயில் கடுமை. காலைப் பூசை கண்டவர், இன்னொரு பூசை காண டொமினிக் சபையாரின் புனித இரட்சகர் கோவிலுக்கு நடந்தார். வழியில் கிரான்பி ஒழுங்கையில் விழுந்தார். அயலார் ஓடிவந்து தலையைத் தாங்கினர். குருவானவர் வந்து முழந்தாளிட்டுச் செபித்தார். சில நிமிடங்களில் உயிர் பிரிந்தது. அவர் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. பெயர் தெரியாத பிணமாக ஜேர்விஸ் தெரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

அங்கே உடலைச் சுத்தஞ்செய்ய ஆடையைக் களைந்தவர்கள் திகைத்தனர். இடுப்பிலும் கையிலும் காலிலும் சங்கிலிகளும் கயிறும், அவற்றிற் கோத்த சுரூபங்களும். தேவமாதா வழியாக யேசுவுக்குத் தம்மை அடிமையாக ஒப்புக்கொடுத்ததன் அடையாளமாக, ஆன்ம வழிகாட்டியின் அறிவுரையோடு அவர் இரகசியமாக அணிந்தவை அவை. ஜூன் 11ஆந் திகதி, நற்கருணைப் பெருவிழாவன்று, கிளாஸ்னெவின் சேமக்காலையில் அடக்கம் நடந்தது.

பெயரறியாது இறந்தவரின் பெயர் விரைவில் உலகெங்கும் பரவியது. 1926இல் சேர் ஜோசப் கிளின் அவரைப்பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். 1931இல் டப்ளின் அதிமேற்றிராணியார் விசாரணையைத் தொடக்கி வைத்தார். 1975 ஒக்டோபர் 3ஆந் திகதி ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். இன்று அவருடைய உடல் டப்ளின் லூர்து மாதா கோவிலில் இருக்கிறது. 1978இல் திறக்கப்பட்ட பாலமொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. குடிக்கு அடிமைப்பட்டவர்கள் பல நாடுகளில் அவருடைய மன்றாட்டை நாடுகின்றனர்.

நமக்கு என்ன?

வாசகரே, இச்சரித்திரத்தைக் கேட்போர் சங்கிலியையே பிடித்துக்கொள்வார்கள். பலகைப் படுக்கையையும் சங்கிலியையும் நீங்கள் பின்பற்ற வேண்டியதில்லை. அவை அவருக்கென அமைந்த வழி. திருச்சபையும் அவற்றை எல்லோருக்கும் கற்பிக்கவில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. முதலில் மூன்று மாதத்துக்கு மேல் வாக்குக் கொடுக்கத் துணியாத அந்த மனிதரைப் பாருங்கள். நாற்பத்தொரு ஆண்டை அவர் ஒருமிக்கச் சுமக்கவில்லை. ஒவ்வொரு நாளுக்கும் அன்றன்றைய நற்கருணை, அன்றன்றைய வேலை, அன்றன்றைய நடை. இறைவன் நமக்குத் தருவதும் அன்றாட அப்பமேயன்றி, நாற்பது வருடத்துக்கான களஞ்சியம் அல்ல.

உங்கள் வீட்டிலும் வாரக்கூலி தவறணைக்குப் போகலாம். கணவனோ மகனோ தகப்பனோ ஆயிரம் வாக்குக் கொடுத்து ஆயிரத்தையும் முறித்திருக்கலாம். எலிசபெத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாக்கை ஏளனஞ் செய்யாதீர்கள். ஆயினும் அதை விளையாட்டாகவும் எடுக்க விடாதீர்கள். குடிப்பழக்கம் ஒரு நோயுமாகும் என்பதை இன்று வைத்தியர்கள் நன்கு அறிவார்கள். நீண்டகாலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது உயிராபத்தும் நேரலாம். ஆகவே வைத்திய உதவி தேடுவது விசுவாசக் குறைவு ஆகாது. வழிகாட்டியைத் தேடிய மத்தேயு அதைக் குறைவென்று எண்ணியிருக்கமாட்டார்.

குடியே இல்லாத வீட்டவரானால், உங்கள் போராட்டம் வேறாயிருக்கும். கோபமோ, சோம்பலோ, செபத்தில் வறட்சியோ, முன்னர் செய்த தவறின் நினைவோ உங்களைக் கீழே இழுக்கலாம். விழுந்தால் வெட்கத்தோடு தெருமூலையிலே நின்றுவிடாதீர்கள். வீட்டுக்குத் திரும்பி நடங்கள். வாழ்நாள் முழுவதற்கும் வாக்குக் கொடுக்கத் துணிவில்லையானால், மூன்று மாதத்துக்குக் கொடுங்கள். அதற்கும் துணிவில்லையானால், நாளைக் காலைப் பூசைவரை கொடுங்கள். மீதியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.